நான்கு வருடத்துத் தேன்மிட்டாய்

எங்கள் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் இதுவரை மூன்று பேர் செத்துப்போயிருக்கிறார்கள். 'இயற்கை எய்தினார்கள்' என்று எழுதலாம்தான். ஆனால் அந்த மூன்று பேரில் ஒருத்தி பிரான்சி. அப்படி எழுதினால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

திருவெறும்பூரில் ஒன்றாகப் படித்தவர்களில் ஊரை விட்டுப் போகாமல் மிஞ்சியது நான், இளவரசன், பஸீலா மூன்று பேர்தான். நான் பிரேமலதா. காட்டூரில் வீடு, வங்கியில் வேலை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைத் திட்ட முடியாது என்பதால், அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து நண்பர்களைத் திட்டுவேன். இளவரசனுக்குத் தொழிற்சாலையில் வேலை. 'தெரியாது' என்ற சொல் அவன் வாயில் வராது. ஒரு தடவை ஸ்ரீரங்கம் பஸ் என்று சொல்லி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எங்களைத் துறையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். மண்ணச்சநல்லூர் வந்த பிறகும் "சுத்திக்கிட்டுப் போகுது" என்று சாதித்தான். பஸீலா தையல் கடை வைத்திருக்கிறாள். எங்கள் மூவரில் நிதானம் என்று ஒன்று இருந்தால் அது அவளிடம்தான் இருக்கிறது.

செத்துப்போனவர்களை அவரவர் வீட்டு வழக்கப்படி போய்ப் பார்ப்பது என்று முதலில் சொன்னவளும் பஸீலாதான். பீமராவுக்கு ஆடி அமாவாசை. அம்மா மண்டபம் படித்துறையில் அவன் மகன் எள்ளும் தண்ணீரும் இறைப்பான், நாங்கள் மேல்படியில் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நிற்போம். அப்புறம் ராஜகோபுரத்துப் பக்கம் வந்து காபி குடிப்போம், ஏனென்றால் பீமராவ் காபிப் பைத்தியம். ஜமீலுக்கு, இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் பராஅத் இரவு. அன்றைக்கு இளவரசன் மட்டும் ஜமீலின் தம்பியோடு கபரஸ்தானுக்குப் போய்வருவான். பிரான்சிக்குக் கல்லறைத் திருநாள், நவம்பர் இரண்டு.

பிரான்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பையன்களோடு கோலி விளையாடி, அவர்கள் கால்சட்டைப் பையைக் காலி பண்ணிவிட்டு வருகிறவள். இளவரசனின் கோலிகளெல்லாம் எட்டாம் வகுப்பிலேயே அவளிடம் போய்விட்டன. வகுப்பில் யாருக்கு என்ன வயிற்றெரிச்சல் என்றாலும் அவளிடம் போய்க் கொட்டலாம். புத்தி சொல்ல மாட்டாள், சமாதானமும் சொல்ல மாட்டாள். கன்னத்தில் தேன்மிட்டாயை அதக்கிக்கொண்டு "அப்புறம்?" என்பாள். நாம் இன்னும் கொஞ்சம் கொட்டுவோம். மறுபடியும் "அப்புறம்?" என்பாள். கடைசியில் கொட்ட ஒன்றும் இருக்காது, நமக்கே சிரிப்பு வந்துவிடும். என் கல்யாணம் ஆன புதிதில் என் மாமியாரைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டவள் அவள் ஒருத்திதான். கல்யாணம் வேண்டாம் என்று டீச்சர் வேலையில் இருந்துவிட்டாள்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் போய்விட்டாள். அந்த மே மாதத்தில் யாருக்கும் யாரையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கவச உடை போட்ட ஆட்களும் அவள் தங்கை அமலராணியும் மட்டும் கல்லறைத் தோட்டத்துக்குள் போனார்கள். இளவரசன் மனசு கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், மதில் சுவருக்கு வெளியே கல்லின்மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்தான். "வேப்பமரத்துக்குக் கீழ வெச்சாங்க லதா. நல்ல நெழலு" என்று சொல்லிவிட்டு அழுதான். அன்றைக்கு மட்டும் அவனை நான் திட்டவில்லை.

அமலராணி முப்பதாம் நாள் பூசையை முடித்து, கல்லறைக்கு சிமெண்ட் பூசிவிட்டு, நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போனாள். அப்பா அம்மா முன்பே இறந்துவிட்டார்கள். முதல் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எனக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, அன்னைக்கு எல்லாக் கல்லறையிலயும் வெளக்கு எரியும். அவ மட்டும் ஆளில்லாம இருட்டுல கெடக்கக் கூடாதுக்கா. எனக்கு லீவு கெடைக்கிற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க."

"இது என்ன பேச்சு? அவ எங்களுக்கு யாரோவா? நாங்க இருக்கோம், நீ நிம்மதியா இரு" என்றேன்.

அவள் வழி சொல்ல ஆரம்பித்தாள். "கடைசி வரிசைக்கா, வேப்பமரம் இருக்கும்..." என்றதுமே, பக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த இளவரசன் போனை என் கையிலிருந்து பிடுங்கி, "நான்தான் பாத்தேனேம்மா, நீ கவலையே படாத" என்று பேச்சை முடித்துவிட்டான்.

எனக்கு வங்கி திறப்பதற்குள் போயாக வேண்டும். அதனால் நாங்கள் விடிந்தும் விடியாமலும் போய்விடுவோம். ஒரு வாரம் முன்பே ஆள் விட்டு எல்லாக் கல்லறைகளுக்கும் வெள்ளையடித்திருப்பார்கள். பழைய பெயரெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் போயிருக்கும். வீட்டார் சொல்லிவைத்த பெயர்களைச் சிலுவையில் மறுபடி கறுப்பு பெயிண்டில் எழுதுகிறவர் முன்வரிசையிலிருந்து ஆரம்பிப்பார், கடைசி வரிசைக்கு வர மத்தியானம் ஆகிவிடும். வேப்பமரத்தடியில் அந்த நேரத்தில் எல்லாம் வெள்ளை வெளேர் என்றுதான் இருக்கும். இளவரசன் காட்டிய கல்லறையில் செவ்வந்தியைப் பரப்பி, மெழுகுவத்தி ஏற்றுவோம். செத்தவர்களுக்குப் பிடித்ததை வைப்பதும் உண்டு என்று பஸீலா விசாரித்து வந்திருந்தாள். அதனால் வருஷா வருஷம் ஒரு பொட்டலம் தேன்மிட்டாய். பஸீலா இரண்டு கையையும் ஏந்தி துஆ கேட்பாள், நான் பிரான்சியிடம் என் மருமகளைப் பற்றிச் சொல்வேன். பூவும் சுடருமாக ஒரு போட்டோ எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்புவேன். அமலராணி கும்பிடுகிற கை படம் அனுப்புவாள். நான்கு வருடம் இப்படியே போயிற்று.

இந்த வருடம் அமலராணிக்கு லீவு கிடைத்தது. சாயந்திரம் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைதானே என்று நாங்களும் முதல் முறையாகச் சாயந்திரமே போனோம்.

கல்லறைத் தோட்டம் திருவிழா மாதிரி இருந்தது. வாசலில் பூக்கடை, மெழுகுவத்திக் கடை, சுண்டல் வண்டி. நாங்கள் காலையில் பார்த்த இடமே இல்லை. கூட்டத்தில் அமலராணி கொஞ்சம் பின்தங்கிவிட்டாள். இளவரசன் எங்களை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று கடைசி வரிசைக்குப் போய், மரத்தை ஒட்டிய கல்லறையில் பூவைக் கொட்டினான். பஸீலா தேன்மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

சிலுவையில் பெயிண்ட் காயாமல் பளபளத்தது. 'அற்புதசாமி'.

நான் இன்னொரு தடவை படித்தேன். எப்படிப் படித்தாலும் அற்புதசாமிதான்.

"அக்கா, நான் இங்க இருக்கேன்" என்று அமலராணியின் குரல் கேட்டது. அவள் அடுத்த கல்லறை அருகில் நின்றுகொண்டிருந்தாள். அதன் சிலுவையில் பெயரே இல்லை. வங்கிக் கவுண்டரில் ஒருவர் பெயரைச் சொல்லி இன்னொருவரைக் கூப்பிட்டவள் போல நான் அசடு வழிந்து நின்றேன். இளவரசன் என் காதுக்குள், "அன்னைக்கு ரெண்டு அடக்கம் நடந்துச்சு லதா. அடுத்தடுத்து" என்றான். நான்கு வருடம் கழித்துச் சொல்கிறான்! அவனை அங்கேயே ஒரு குழியில் தள்ளியிருப்பேன், காலிக் குழி ஒன்றும் கண்ணில் படவில்லை.

கோபம் இளவரசன்மேல் பாதி, என்மேல் பாதி. ஒரு பெண் கடல் தாண்டி இருந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். அக்கா இருட்டில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். நான்கு வருடமாகப் பக்கத்தில் யாரோ ஒரு மனிதருக்குத் தீபாவளி கொண்டாடிவிட்டு, பிரான்சியை இருட்டில் போட்டிருக்கிறோம்.

அமலராணி குனிந்து கல்லறையின் கால்மாட்டை நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்து நீலமாக ஒன்று எட்டிப் பார்த்தது. கோலிக்குண்டு. சிமெண்ட் ஈரமாக இருந்தபோது அவள் பதித்து வைத்தது.

"அது என்னோடது" என்றான் இளவரசன். "எட்டாங்கிளாஸ்ல எங்கிட்ட ஜெயிச்சது."

அமலராணியின் கை கோலியிலிருந்து மேலே போயிற்று. சிலுவையின் அடியில் மெழுகு கட்டி கட்டியாக உறைந்திருந்தது. வெள்ளை, சிவப்பு, மறுபடி வெள்ளை. சுண்ணாம்புகூட ஒட்டாமல் வருடக்கணக்காகச் சேர்ந்த மெழுகு. அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"எவ்ளோ மெழுகுக்கா! சொன்ன மாதிரியே பாத்துக்கிட்டீங்களே. நான் கூடப் பொறந்தவ, நான் செய்யல. நீங்க செஞ்சீங்க."

அவள் தோளுக்குப் பின்னால் இளவரசன் 'சும்மா இரு' என்று கண்ணைக் காட்டினான். சும்மா இருந்திருக்கலாம். அவளும் சந்தோஷமாக விமானம் ஏறியிருப்பாள். ஆனால் பிரான்சி பக்கத்திலேயே இருக்கும்போது அந்தப் பொய்யை எப்படி விழுங்குவது?

"அமலா, அது நாங்க வெச்சதில்ல" என்றேன். "நாங்க வெச்சதெல்லாம் அங்க." அற்புதசாமியைக் காட்டினேன். "எடம் தப்பா தெரிஞ்சுக்கிட்டோம். நாலு வருஷமும் அவருக்குத்தான் வெச்சிருக்கோம். எங்களுக்கே இப்பத்தான் தெரியும். என்னைய என்ன வேணாலும் சொல்லு."

அவள் என்னை விட்டுவிட்டு ஓர் அடி தள்ளிப் போனாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பிரான்சியின் சிலுவைப் பக்கம் திரும்பி, அடியில் உறைந்திருந்த மெழுகை விரலால் தொட்டாள். பஸீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அமலராணி கேட்டாள். "அப்ப இந்த மெழுகு யாரு வெச்சது?"

பதில் சொல்ல வேண்டியவர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைப் புடவை, ஒரு கையில் வயர் கூடை, இன்னொரு கையில் மெழுகுவத்திக் கட்டு. எங்களைப் பார்த்ததும் நின்றார். அற்புதசாமியின் மேல் பரப்பியிருந்த பூவைப் பார்த்தார். பூவுக்கு நடுவில் இருந்த தேன்மிட்டாயைப் பார்த்தார். கூடையைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த மிட்டாய் வெக்கிறது யாரு?"

இளவரசன் கொஞ்சமும் தயங்காமல் என்னைக் கை காட்டினான்.

"நீதானா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தன வருஷமாம்மா பழக்கம்?"

"என்னது? யாரோட பழக்கம்?"

"எங்க வீட்டுக்காரரோடதான். வேற யாரோட? நாப்பது வருஷம் ரயில்வே ஒர்க்ஷாப்புக்குச் சோறு கட்டிக் குடுத்தவ நான். அவருக்குச் சக்கரை. ஒரு ஜாங்கிரிகூட அவரு கண்ணுல காட்டாம காப்பாத்துனேன். மொத வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வந்து பாத்தா, எனக்கு முந்தி எவளோ வந்து பூவக் கொட்டி, மிட்டாய் வெச்சுட்டுப் போயிருக்கா! அவருக்குத் திருட்டுத்தனமா மிட்டாய் குடுத்து வளத்தவ யாருன்னு நாலு வருஷமா பொன்மலை பூரா தேடுறேன்."

"ஐயோ அம்மா, சத்தியமா அவரு யாருன்னே எனக்குத் தெரியாது!" என்று நான் அலறினேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் மந்திரிப்பை மறந்துவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பஸீலாதான் நடுவில் புகுந்து, பள்ளிக்கூடம், பிரான்சி, மதில் சுவர், வேப்பமரம் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். இளவரசன் கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை.

அந்த அம்மாவின் பெயர் சவேரியம்மாள். கேட்டு முடிக்கும்வரை அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் மெதுவாகக் கீழே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாவி மனுசன். ஒரு தப்பும் பண்ணாமலே நாலு வருஷம் எங்கிட்ட வசவு வாங்கியிருக்காரே!"

அமலராணி அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "அம்மா, இந்தக் கல்லறையில மெழுகுவத்தி..."

"நான்தான் வெச்சேன். எல்லாம் வயித்தெரிச்சல்தான். 'உனக்குத்தான் மிட்டாயோட வேற ஆளு வந்துட்டாளே, எம் பூ எதுக்கு உனக்கு'ன்னு, கொண்டாந்ததப் பூரா தூக்கி இந்தப் பக்கம் வெச்சுட்டேன். இது பேரும் இல்லாம, ஒரு பூவும் இல்லாம மொட்டையா கெடந்துச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு." அவர் பிரான்சியின் கல்லறையைக் கையால் தடவினார். "அப்புறம் அதுவே பழகிப்போச்சு. திருநாளுக்கு மட்டும்னு இல்ல, மாசத்துக்கு ஒருக்கா வந்துருவேன். அவருகிட்டப் பேச மாட்டேன். இங்க உக்காந்து, அவரப் பத்தி இதுகிட்டச் சொல்லுவேன். மருமவளப் பத்திச் சொல்லுவேன். மூட்டு வலியச் சொல்லுவேன். பேரு தெரியாதா, பாப்பான்னுதான் கூப்புடுறது."

நான் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. "சொன்னா மனசு ஆறுமாம்மா?"

"ஆறும். இது ஒண்ணும் சொல்லாது, செத்தது என்ன சொல்லும்? ஆனா நான் நிறுத்துனா 'அப்புறம்?'னு கேக்குற மாதிரியே இருக்கும். மறுபடி சொல்லுவேன். சொல்லிச் சொல்லிக் கடசீல எனக்கே சிரிப்பு வந்துரும். எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன்."

பஸீலா "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்தாள். இளவரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தான். எங்கள் வகுப்பு நாற்பது பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை, பிரான்சியை உயிரோடு பார்த்தே இராத ஓர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாய்விட்டு அழுதேன். வங்கி ஆள் யாராவது பார்த்திருந்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அமலராணி சவேரியம்மாளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அவ இருட்டுல கெடக்கலக்கா. ஒரு வருஷம்கூட இல்ல."

"எங்களாலதான்" என்றான் இளவரசன். "நாங்க எடத்த மாத்தி வெக்கலன்னா அம்மா இங்க வெச்சிருப்பாங்களா?"

நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தோம். வாயை மூடிக்கொண்டு, பெயர் எழுதுகிறவரைத் தேடி ஓடினான்.

அவர் பெயிண்ட் டப்பாவோடு வந்து, சிலுவைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அமலராணி பெயரைச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக விழ விழ, சவேரியம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூடவே படித்தார்.

"பிரான்சியா? அழகான பேரு. இத்தன நாளு பாப்பான்னே கூப்புட்டுட்டேனே. கோச்சுக்குவாளோ?"

"மாட்டாம்மா" என்றேன். "அவளுக்குக் கோச்சுக்கவே தெரியாது."

தூரத்தில் மணி அடித்தது. சாமியார் தீர்த்தச் செம்போடு முதல் வரிசைக்கு வந்துவிட்டார். சவேரியம்மாள் கூடையிலிருந்த பூவில் பாதியைப் பிரான்சிக்குப் போட்டார், மெழுகுவத்தியையும் பாதி பிரித்து ஏற்றினார். மீதியை எடுத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பி, என்ன செய்வதென்று தெரியாதவர் போலக் கொஞ்சம் நின்றார். இளவரசன் ஓடிப் போய், தேன்மிட்டாயைப் பொறுக்கிப் பிரான்சிக்கு மாற்றக் குனிந்தான்.

"அதை எடுக்காதீங்க தம்பி" என்றார் சவேரியம்மாள். "அங்கயே இருக்கட்டும்."

"சக்கரைன்னு சொன்னீங்களேம்மா?"

"இனிமே சக்கர என்ன பண்ணப் போவுது? நாலு வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்துட்டேன். திரும்பிப் பேசப் போறப்ப வெறுங்கையோட போவக் கூடாதுல்ல."

பஸீலா தன் பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள். போகும் வழியில் நாங்கள் தின்பதற்கென்று வாங்கி வைத்திருந்தது. பிரித்துப் பிரான்சியின் தலைமாட்டில் வைத்தாள். சவேரியம்மாள் அற்புதசாமியின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மெழுகுவத்தியைக் கைமறைவில் ஏற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நடுவில் பேச்சு நின்றது. அவர் தலையைத் திருப்பி, எங்களைத் தாண்டிப் பிரான்சியின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கணவரிடம் விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்.